மேசைக்கு மேல் தொங்கிய கை

பேருந்தில் ஓட்டுநருக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் அக்காவின் கை தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் சிவப்பு நாடா, கீழ்நோக்கி விரிந்த ஐந்து விரல்கள், உச்சிமுதல் நுனிவரை நீலம். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது எல்லாருக்கும் டாட்டா காட்டியது.

"கண்றாவி!" என்றாள் அக்கா, கொஞ்சம் சத்தமாகவே.

நிஜக் கை மடியில் பத்திரமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் ஆடியது அதன் நகல், கட்டைவிரல் அளவுப் பொம்மை. இந்த விடுமுறைக்கு ஊரே அதைத்தான் தொங்கவிட்டிருக்கிறது. கடை வாசலில், சன்னல் கம்பியில், காருக்குள்ளே, எங்கே திரும்பினாலும் அவள் கை. வெட்டிக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே!

சில்லறையை நீட்டினாள். கண்டக்டர் அந்த விரல்களைப் பார்த்தார். தோல்பையின் வாயை அகலமாகத் திறந்து, "இதுல போட்டுடுங்கம்மா" என்றார். பக்கத்து இருக்கைப் பெண் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னலோடு ஒட்டினாள். அவள் காதில் இரண்டு குட்டி நீலக் கைகள் தொங்கின.

"ஒட்டாதும்மா, பயப்படாதே. ஒட்டுற சாயமா இருந்தா என் கையை விட்டு எப்பவோ போயிருக்கும்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் பாவம், சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் வெளியே வேடிக்கை பார்த்தாள்.

நீலத் துணிக்குப் பேர்போன ஊர் அது. சாயப்பட்டறையில் நூலை முக்கிப் பிழிந்து, பிழிந்து முக்கி, அக்காவுக்கு மணிக்கட்டு வரைக்கும் நீலம் ஏறிவிட்டது. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. தோல் உரிந்ததே தவிர நிறம் போகவில்லை. பட்டறையில் ரப்பர் கையுறை கொடுப்பார்கள். அதன் வாய் வழியாகச் சாயம் உள்ளே இறங்கிவிடும், கழற்றினால் கை முன்னைவிட நீலமாக இருக்கும். சுண்டுவிரல் ஒரு தடவை பிழிகிற உருளைக்குள் சிக்கியதில் நகம் போய், விரலும் கோணிக்கொண்டது.

தம்பி பட்டறைப் பக்கமே வராதவன். படம் வரையத் தெரிந்தவன், அலங்காரப் பொருள் கம்பெனியில் வடிவமைப்பாளன். இந்த ஊரின் பண்பாட்டைச் சொல்கிற மாதிரி ஒரு விடுமுறை அலங்காரம் வேண்டும் என்று நகராட்சி அவன் கம்பெனியைக் கேட்டிருந்தது. மணிக்கூண்டு வரைந்தான். எல்லா ஊரிலும்தான் மணிக்கூண்டு இருக்கிறது என்று முதலாளி தூக்கிப் போட்டார். பாலத்தை வரைந்தான், படகை வரைந்தான், அவையும் திரும்பி வந்தன. கடைசியில் ஒரு நாள் வாளியும் கையுமாக அக்கா வீட்டுக்கு வந்து நின்றான்.

கூழ் மாதிரி எதையோ கரைத்து, அதில் அவள் கையை இறக்கி, இறுகும்வரை அசையக்கூடாது என்றான்.

"மூக்கு அரிக்குதுடா."

"எந்தப் பக்கம்?" என்று அவனே சொறிந்துவிட்டான். டீயை ஆற்றி அவள் வாயில் வைத்தான். "எங்க அக்கா கை இதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்வேன், பாரேன்" என்றான்.

அவளாக எதுவும் கேட்கவில்லை. அவன் அப்படிச் சொன்னபிறகு மட்டும் அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்தவர்களையே பார்த்துப் பழகியவளுக்கு, சபையில் ஒருத்தன் இதை எங்கள் வீட்டுக் கை என்று சொன்னால் வேறென்ன வேண்டும்?

எங்கே சொன்னான்! நகராட்சி மண்டபத்தில் முதல் பொம்மையை நகராட்சித் தலைவரின் மனைவி மாட்டினாள், நீலக் கையுறை போட்டுக்கொண்டு. பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்து அக்கா "சீ!" என்று தாளை மடக்கி அடுப்புக்கு அடியில் செருகினாள். பக்கத்தில் தம்பி அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"கூட்டம் ஜாஸ்திக்கா. நான் தேடினேன், நீ எங்க நின்ன?" என்றான் போனில்.

"நீ கூப்பிட்டாத்தானேடா நான் எங்கயாவது நிக்க முடியும்?"

"முதலாளி விடுமுறை விருந்துக்கு நம்ம வீட்டுக்கு வர்றார். நீயும் வா. அவர் முன்னாடியே சொல்லிடறேன்" என்றான். அதற்குத்தான் இந்தப் பேருந்துப் பயணம்.

கதவைத் திறந்த தம்பி பொண்டாட்டி, வாங்க என்று சொல்வதற்கு முன்னால் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை நீட்டினாள்.

"போட்டுக்கோங்க அண்ணி. குளிருதில்ல."

"வீட்டுக்குள்ள என்னம்மா குளிர்?"

"இல்ல... பெரிய மனுஷங்க சாப்பிட வர்ற இடம். பார்க்க நல்லா இருக்கும்னுதான்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே நேராக இருந்த தட்டுகளை மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்கிறேன் என்றிருக்கிறானே, சொல்லும்போது கழற்றிக்கொண்டால் போயிற்று என்று மாட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே, அன்றைக்கு அவள் கையிலிருந்து வார்த்த அதே முதல் கை, முழு அளவில், நீலம் பூசி நாடா கட்டித் தொங்கியது. சுண்டுவிரல் கோணல்கூட அப்படியே இருந்தது.

முதலாளி நல்ல மாதிரித்தான் பேசினார். சூப்பை உறிஞ்சிக்கொண்டே மேலே பார்த்து, "அந்தச் சுண்டுவிரலைப் பாருங்க! நகமில்லாம, லேசா வளைஞ்சு... அங்கதான் இவர் நிக்கிறார்" என்று தம்பியின் முதுகில் தட்டினார். "பெயின்ட்கூட நல்ல பெயின்ட்மா. குழந்தை எடுத்து வாயில வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

அக்கா காத்திருந்தாள். கரண்டி கையுறையில் வழுக்கியது.

"இவங்க ஏன் கையுறையோட சாப்பிடுறாங்க?" என்று முதலாளி கேட்டார்.

இதோ வந்துவிட்டது என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தோல்ல ஒரு அலர்ஜி சார்" என்றான் தம்பி.

"அடடா. சரி, இந்தக் கை யாரைப் பார்த்துச் செஞ்சது? கேட்கணும்னே இருந்தேன்."

தம்பி தண்ணீரைக் குடித்தான். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தான். "யாரையும் பார்த்து இல்ல சார். கற்பனைதான்."

ஊரார் முகம் சுளித்தபோதெல்லாம் அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது வந்தது வேறு. மூக்கைச் சொறிந்துவிட்ட, டீயை ஊட்டிவிட்ட இந்தப் பிள்ளையின் வழவழப்பான முகத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பட்டறைச் சாக்கடையில்கூட அவள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

அவள் கையுறைகளைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழக்கிண்ணத்திலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தாள். முதலாளி அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தார், மேலே தொங்குவதைப் பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார். அக்கா ஒரு சுளையை நார் நீக்கி அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க. ஒண்ணும் ஆகாது."

"இல்லைங்க... வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று அவர் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

அக்கா சுளையைத் தம்பியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள்.

"நீ சாப்பிடுடா."

அவன் உதடு இறுகியது. கண் முதலாளியிடம் போய் வந்தது.

"தட்டுல வைக்கா" என்றான்.

அக்கா தட்டில் வைக்கவில்லை. தன் வாயில் போட்டு, நிதானமாக மென்று, விதையை வெளியே எடுத்து அவன் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு எழுந்து, வலதுகைக் கையுறையை எடுத்து, மேலே தொங்கிய கைக்குக் கீழிருந்து மாட்டினாள். ஒவ்வொரு விரலாக உள்ளே நுழைத்து, கோணல் சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் பார்த்து நுழைத்து, மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள்.

"இப்ப எல்லாருக்கும் சாப்பாடு இறங்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மேசைக்கு மேல் அந்த வெள்ளைக் கை ஆடிக்கொண்டிருந்தது. சுருக்கமில்லை, தொளதொளப்பில்லை, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இருக்காதா பின்னே, அவள் அளவுக்கென்று தம்பியே போய் வாங்கிவந்த கையுறை அது.