கிருத்திகையன்று அவித்த கஸ்டர்ட்

ஞானாம்பாள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மறுநாள் அவள் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்குள் குழந்தையம்மாள் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: மாதம் ஒரு கடுதாசி போடுவாயா என்று.

அம்மா இறந்து, ஒன்பதாவதோடு படிப்பு நின்ற இந்த இரண்டு வருஷத்தில் அவளோடு நின்று பேசியவள் ஞானாம்பாள் ஒருத்திதான். அதுவும் தெருக்குழாயடியில், குடம் நிறைகிற நேரம் மட்டும். மற்றபடி, அப்பா பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போடும் மூட்டையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். கத்தரிக்கோல் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் கிடையாது.

வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்க அவளுக்கு வாய் வராது. தட்டில் ஏதாவது வைத்துக் கொடுத்தால், தின்று முடிப்பதற்குள் கேட்டுவிடலாம்.

பள்ளிக்கூடத்துச் சமையல் வகுப்பில் செய்த கஸ்டர்டுகளைப் பற்றி ஞானாம்பாள் நிறையச் சொல்லியிருக்கிறாள். டப்பாப் பவுடரை ஆறிய பாலில் கரைத்த பிறகுதான் கொதிக்கிற பாலில் ஊற்ற வேண்டும். நேரே கொட்டினால் கட்டி தட்டும். பவுடர் இல்லையென்றால் முட்டையை அடித்துப் பாலில் கலந்து ஆவியில் அவிக்கலாம். பாத்திரத்தின் அடியில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றி அவிப்பது மூன்றாவது வகை.

குழந்தையம்மாள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மருதாளிடம் சனிக்கிழமையே முட்டை வாங்கி வைத்தாள். முதல் தடவை சர்க்கரை கரியாகிக் கசந்தது. இரண்டாம் தடவை தேன் நிறம் வந்ததுமே இறக்கினாள். பாலும் முட்டையும் ஏலக்காயும் கலந்து டிபன் கேரியர் அடுக்கில் வடிகட்டினாள். ஆவித் தண்ணீர் சொட்டாதபடி அதன் வாயில் பனியன் துணியைக் கட்டி, இட்லிப் பானைக்குள் வைத்தாள். அனல் ஏறிவிடாமல் விறகை இழுத்து இழுத்து விட்டாள்.

ஞானாம்பாள் தலை நிறையப் பூவோடு வந்தாள்.

"என்ன புள்ள, வாசம் தெருவுக்கே வருது?"

"கஸ்டர்ட். நீ சொன்ன மூணாவது."

"முட்டை போட்டா?"

"ஆமா."

ஞானாம்பாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "இன்னிக்குக் கிருத்திகை, குழந்தை."

முருகனுக்கு விரதமிருக்கும் நாளில் முட்டை. குழந்தையம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கிருத்திகை என்றைக்கு என்று அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது அம்மாதான்.

ஞானாம்பாள் சுவரைப் பார்த்தாள். "உங்கூட்டுக் காலண்டர்ல இன்னும் சித்திரையே போகலையா? எங்கம்மா பாத்திருந்தா உன்னையும் சேத்து ஆவியில வெச்சிருப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது.

"நாளைக்குத் திங்கலாமில்ல?"

"ஆறு மணி பஸ்ஸுக்கே போயிருவேன். இப்பக் கோயிலுக்குப் போகோணும், எல்லாரும் காத்துட்டிருப்பாங்க. தண்ணி குடு, குடிச்சிட்டுப் போறேன்."

நின்றபடியே குடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஞானம்."

"என்ன புள்ள?"

"ஹாஸ்டல்ல சோறு நல்லாப் போடுவாங்களா?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும். வரட்டுமா?"

செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பியது. குழந்தையம்மாள் கஸ்டர்டைத் தட்டில் கவிழ்க்காமலே மூடினாள். தானும் இன்றைக்குத் தின்ன முடியாது, நாளைக்குப் புளித்துவிடும். மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாசம் ஒரு கடுதாசி போடு புள்ள" என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.