புவனகிரிப் பாலத்தில் ஒரு சோதனைச் சாவடி

தங்கராசுவுக்குப் போலீஸ் வேஷம் புதிதல்ல. அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்தில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்த நாள்முதல், ஊழியர் மன்றத்து நாடகம் எதுவானாலும் ஏட்டு வேஷம் அவருக்குத்தான். மீசை அப்படி. ஆனால் பாவம், மேடையேறி லத்தியைத் தட்டினாலே முன்வரிசை சிரிக்க ஆரம்பித்துவிடும். கொலைகாரனுக்கு விலங்கு மாட்டும் காட்சியில்கூடச் சிரித்தார்கள். "அண்ணன் வந்தாலே ஜாலிதான்" என்பார்கள். அவருக்கு வயிறு எரியும். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்தனாவது தன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்? பெண்டாட்டியிடம் சொன்னார். அவளும் சிரித்தாள்.

2010 ஜூலையில் அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. பாலஸ்தீன மக்களுக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடாயிற்று. தொழிற்சங்கக்காரர்கள், பரங்கிப்பேட்டை ஜமாத் இளைஞர்கள், ஒரு சர்ச்சின் மாதர் சங்கம், மாணவர்கள் என்று கலந்துகட்டிய கூட்டம். வழியெல்லாம் உண்டியல் குலுக்கி, காஸாவில் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்புவது திட்டம். காஸாவுக்கு உதவிப் பொருள் ஏற்றிப்போன கப்பலில் ராணுவம் புகுந்து ஆட்களைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்து அதிக நாள் ஆகவில்லை. எல்லோருக்கும் மனசு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆங்கிலப் பேராசிரியை பிரிசில்லாவுக்குச் சைக்கிள் மட்டும் போதாது என்று பட்டது.

"சும்மா சைக்கிள் ஓட்டுனா நம்ம ஜனங்க ஏதோ புதுக் கட்சின்னு நெனச்சுக்கும். அங்க ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைங்க எல்லாரையும் அவுங்க ஊர் ரோட்லயே பட்டாளத்துக்காரங்க துப்பாக்கியோட நிறுத்தறாங்க. அதக் காட்டணும்" என்றாள்.

அப்படித்தான் புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்து முனையில் ஒரு பொய்ச் சோதனைச் சாவடி போடுவதென்று முடிவானது. வருகிற சைக்கிள்களைச் சிப்பாய்கள் மறிப்பார்கள். பின்னாலேயே ஒரு ஆட்டோவில், வயிற்றில் தலையணை கட்டிய மாணவி பிரசவ வலியோடு வருவாள். அதிகாரி விட மாட்டான். பார்க்கிற ஜனங்களுக்கு நெஞ்சு அடைக்க வேண்டும்.

அதிகாரி வேஷம் தங்கராசுவுக்கு.

"அண்ணே, ஒரே ஒரு கண்டிஷன். சிரிக்கக் கூடாது. யாரு எப்படிக் கெஞ்சுனாலும் எறங்கக் கூடாது. 'பெர்மிட் இல்லாம விட முடியாது.' அவ்ளோதான் உங்க வசனம்" என்றாள் பிரிசில்லா.

"மேடம், பாத்துகிட்டே இருங்க" என்றார் தங்கராசு. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்தார்.

உடையில்தான் சிக்கல் வந்தது. சிதம்பரத்தில் நாடக உடை வாடகைக்கு விடும் கடையில் ராஜா இருந்தார், எமன் இருந்தார், மூன்று அளவில் நாரதர் இருந்தார். ராணுவம் மட்டும் இல்லை. "போலீஸ் எடுத்துகினு போங்க சார். துப்பாக்கி புடிக்கிறவன்னா எல்லாம் ஒண்ணுதானே?" என்றார் கடைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. நான்கு ஜோடி காக்கி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாலை ஓரத்தில் இரண்டு தார் டிரம், நடுவில் ஒரு மூங்கில், 'நில்! சோதனைச் சாவடி' என்று ஒரு பலகை. தங்கராசுவும் மூன்று மாணவர்களும் காக்கியில் விறைப்பாக நின்றார்கள். சைக்கிள்கள் வரக் காணோம். ஆலப்பாக்கத்தில் மோர், புதுச்சத்திரத்தில் மாலை, பரங்கிப்பேட்டையில் பிரியாணி என்று ஊருக்கு ஊர் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்களாம். பிரிசில்லா அவர்களோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். "தலையணைப் பொண்ணு ஆட்டோவுல முன்னால கெளம்பிட்டா, நீங்க ரெடியா இருங்க" என்று போனில் சொன்னாள்.

அப்போதுதான் டி.வி.எஸ். ஐம்பதில் ஒருவர் வந்தார். ஓரத்தில் வழி இருந்தது, போயிருக்கலாம். போகவில்லை. காக்கியைப் பார்த்ததும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, ஆர்.சி. புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"லைசன்ஸ் வூட்ல கீது சார். மச்சான் வண்டி சார்" என்றார்.

அவர் கை நடுங்கியது. தங்கராசு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ நாடக வாழ்க்கையில் அவருக்குக் கிடைக்காத விருது அது. 'போய்யா, இது நாடகம்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மீசையைத் தடவி, புத்தகத்தைப் புரட்டி, "ம்ம்" என்றார்.

அந்த ஒரு "ம்ம்" போதும். பின்னால் வந்த பைக்குகள் வரிசையில் நின்றன. ஹெல்மெட் இல்லாதவர்கள் அரை வட்டம் அடித்துத் திரும்பப் பார்த்து எதிரே வந்த டவுன் பஸ்ஸை மறித்தார்கள். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த லாரிக்காரர் கேட்காமலேயே ஓரங்கட்டுகிறேன் என்று பாதிப் பாலத்தை அடைத்தார். ஒருவர் ஒரு பலாப்பழத்தையே கொண்டுவந்து டிரம்மின் மேல் வைத்துவிட்டுப் போனார். மாணவர்கள் சிரிப்பை அடக்க ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தங்கராசு சிரிக்கவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, வரிசையின் வாலிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்தார். பின்னால் ஒரு அம்மாள், முந்தானை தரையில் புரள.

"சார், புள்ளத்தாச்சி சார்! வலி கண்டுடுச்சு. சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். பஸ்ஸ கொஞ்சம் நவுத்தச் சொல்லுங்க சார்!"

ஆகா, வந்துவிட்டார்கள் என்று நினைத்தார் தங்கராசு. சைக்கிள்கள் வருவதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டார்களே என்று சின்ன எரிச்சல். ஆனால் இவ்வளவு கூட்டம் பார்க்கும்போது விடலாமா? மார்பை நிமிர்த்தினார்.

"பெர்மிட் இல்லாம விட முடியாது."

கண்ணாடி முன்னால் ஒரு தடவைகூட இப்படி வரவில்லை. குரல் பாலத்தைத் தாண்டி ஆற்று மணலில் போய் விழுந்தது. கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது.

"சாமி, தலச்சன் பிரசவம் சாமி" என்று அந்த அம்மாள் கும்பிட்டாள். யாரோ பரங்கிப்பேட்டைப் பக்கத்து நடிகை போலிருக்கிறது, என்னமாய் நடிக்கிறாள் என்று வியந்தபடியே, தங்கராசு கையைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கட்டையான குரலில் அதே வசனத்தைச் சொன்னார்.

அம்மாள் கும்பிடுவதை நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். அவருடைய அப்பன், பாட்டன், இனிமேல் பிறக்கப்போகிற பேரன் வரை ஒருவரையும் விடாமல் திட்டினாள். பிரிசில்லா மேடம் இப்படியெல்லாம் எழுத மாட்டாளே என்று தங்கராசுவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அதே நேரம் வரிசையின் வாலிலிருந்து ஒரு அலறல் கேட்டது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அந்த அலறல் எது என்று அவருக்குத் தெரியும். தலையணை கட்டிக்கொண்டு யாரும் அப்படி அலற முடியாது.

"ஐயோ! இது நாடகம்! நாங்க போலீஸ் இல்ல! எல்லாரும் போங்க, போங்க!" என்று கத்தினார்.

ஒருவரும் நகரவில்லை. "நாடகமாம். நவுந்தா நம்பர் எழுதிக்குவாங்க. இருய்யா" என்றார் டி.வி.எஸ். ஐம்பதுக்காரர். பஸ் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். மாணவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தார்கள். போலீஸ்காரன் கும்பிட்டால் ஜனங்களுக்கு இன்னும் பயம்தான் வருகிறது.

தங்கராசுவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. விசிலை வாயில் வைத்தார்.

"ஏய் லாரி! பின்னால எட்றா வண்டிய! பஸ்ஸு, லெஃப்ட்ல ஒடி! டி.வி.எஸ்., இன்னாய்யா வேடிக்க பாக்கற? தள்ளிகினு ஓடு! ஆட்டோவுக்கு வழி உடு!"

நாடகம் என்று கெஞ்சியபோது அசையாத பாலம், அந்த அதட்டலில் இரண்டாகப் பிளந்தது. மூங்கிலைப் பிடுங்கி எறிந்தார். ஓரத்தில் நின்ற தன் சைக்கிளில் ஏறி, ஆட்டோவுக்கு முன்னால் விசில் ஊதிக்கொண்டே மிதித்தார். கீரப்பாளையம் வரை வேர்க்க விறுவிறுக்க மிதித்தார். எதிரே வந்தவர்கள் எல்லாம் காக்கியைப் பார்த்து ஒதுங்கினார்கள். சாலை அகலமானதும் ஆட்டோக்காரர் பழனிவேல், "சார், நீங்க ஒதுங்குனா நான் இன்னும் வேகமாப் போவேன்" என்று கத்தினார். தங்கராசு ஒதுங்கினார். ஆனால் திரும்பிப் போகவில்லை. மூச்சு இரைக்க ஆஸ்பத்திரி வரை மிதித்துக்கொண்டே போனார்.

பிரசவ வார்டு வாசலில் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தைலம்மாள் என்று பெயர். தங்கராசு தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்: தான் போலீஸ் இல்லை என்பதை, தலையணைப் பெண்ணை, தூரத்தில் ஒரு தேசத்தில் உண்மையாகவே இப்படி நிறுத்துகிறார்கள் என்பதை.

தைலம்மாள் கேட்டு முடித்தாள்.

"நீ நிறுத்துனது வேஷம். சரி. எம் பொண்ணுக்கு வலிச்சது வேஷமா?"

தங்கராசுவைப் பார்த்து ஒரு ஊரே பயந்த நாள் அது. அந்தப் பயத்தை நினைக்க அவருக்கே கூசியது. சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றாள். தாயும் சேயும் சுகம். தைலம்மாள் எழுந்து, பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால், தங்கராசுவின் தோளையே பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவரும் அழுதார். பழனிவேல் மூவருக்கும் டீ வாங்கி வந்தார்.

சாயங்காலம் சைக்கிள்கள் சிதம்பரம் வந்து சேர்ந்தன. கீழ வீதியில் கூட்டம். தலையணைப் பெண்ணின் ஆட்டோ நெரிசலில் மாட்டி, பாலத்து நாடகம் நடக்காமலே போனதில் பிரிசில்லாவுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. "அண்ணே, நீங்களாவது மேடையில ரெண்டு வார்த்த பேசுங்க" என்று, மாணவர்கள் சொல்லி விஷயம் தெரிந்து, ஆஸ்பத்திரியில் இருந்த அவருக்குப் போன் போட்டுக் கூப்பிட்டாள்.

"நீ இன்னா பேசப் போற? நான் வரேன்" என்றாள் தைலம்மாள். மகள் தூங்குகிறாள், மருமகன் வந்துவிட்டான். தங்கராசுவின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

மேடையில் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு அந்த நாடு எங்க கீதுன்னு தெரியாது. இதோ நிக்கிறாரே, இந்த ஆளு எம் பொண்ண இன்னிக்குப் பாலத்துல நிறுத்துனாரு. கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள இவரு வம்சமே வெளங்காதுன்னு சாபம் உட்டுட்டேன்."

கூட்டம் சிரித்தது. தங்கராசுவும் சிரித்தார்.

"அப்புறம் இவரே வழி உட்டாரு. பேத்தி ஆஸ்பத்திரிக் கட்டில்ல பொறந்தா. அங்க ரோட்லயே பொறக்குதாம். சிலது ரோட்லயே போயிடுதாம்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இவரு நல்ல மனுசன். மனசு எறங்குச்சு, உட்டாரு. ஆனா ஒருத்தருக்கு மனசு எறங்குனாத்தான் எம் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா, அது இன்னா ரோடு?"

தேர் நிலைப் பக்கம் ஒரு சோடா பாட்டில் உருளும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரிசில்லா உண்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, குலுக்கத் தோன்றாமல் நின்றாள். ஜனங்கள் அவர்களாகவே எழுந்து வந்து போட்டார்கள்.

தைலம்மாள் மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

"யோவ், கெளம்பு. அவ முழிச்சுகினு தேடப் போறா" என்றாள் தங்கராசுவிடம்.

அவர் சைக்கிளைத் திருப்பினார். கூட்டம் இரண்டு பக்கமும் விலகி நின்றது.