கருகிய செருப்பு

மெர்சி சர்ச்சை விட்டதே வயிற்றெரிச்சலில்தான். அவள் அம்மா பூவம்மாள் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போய்ப் பின்வரிசையிலேயே காலம் தள்ளினாள். குடித்துச் சீரழிந்து திருந்திய ஜான்சனோ ஒரே மாதத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டான். அதைப் பொறுக்காமல் மெர்சி 'பாலாறு காப்போம்' குழுவில் சேர்ந்தாள். சாமி இல்லாத இடத்தில் இந்தக் கூத்தும் இருக்காது என்று நம்பினாள், பாவம்.

தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றைக் கெடுத்ததால் குழுவினர் தோலைத் தொடுவதில்லை. ஞாயிறு காலை ஆம்பூரில் வறண்டு கிடக்கும் ஆற்றில் கூடி, கையில் ஒரு பிடி மணலோடு, அந்த வாரம் செய்த தப்பை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். ஷூ கம்பெனி வேலையையே உதறிவிட்டு வந்த மெர்சியிடம் சொல்லத் தப்பு இல்லை. "கறிக்கடைல பிளாஸ்டிக் கவர்ல வாங்கிட்டேன்" என்பாள். யாராவது கொட்டாவி விடுவார்கள்.

அப்புறம் குடியாத்தத்திலிருந்து பூர்ணிமா வந்தாள். லுங்கிச் சாயத்தை வாய்க்காலில் விட்ட குடும்பம். அதை அவள் அழுதுகொண்டே சொல்ல, கூட்டமே மூக்கைச் சிந்தியது. ஆண்டு விழாவில் உறுதிமொழி சொல்லித் தருவது எப்போதும் மெர்சிதான். இந்த வருஷம் தலைவர் வசந்தின் பார்வை பூர்ணிமா பக்கம் போனது. மெர்சிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூர்ணிமா காலில் புதுச் செருப்பு மெர்சி கண்ணில் பட்டது.

"இன்னா பூர்ணிமா, அது தோலாச்சே?"

"ஐயோ, இல்லக்கா. ரெக்சின்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிடும். கழட்டு."

ரெக்சின் என்றால் பிளாஸ்டிக் நாற்றம். தோல் என்றால் முடி கருகும் நாற்றம். வார் நுனியில் மெர்சியே தீக்குச்சியை வைத்தாள். முடி கருகும் நாற்றம்தான் வந்தது. ஆம்பூர் மூக்குகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொலைந்தாள் என்று மெர்சிக்கு உள்ளம் குளிர்ந்தது.

பூர்ணிமா மணலில் விழுந்தாள். "ஆத்தக் கொன்ன பாவி நான்!"

அவ்வளவுதான். எல்லாரும் ஓடிப்போய் அவளைத் தூக்கினார்கள், தலையைத் தடவினார்கள். வசந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி மனசார அழ யாரால முடியும்? உறுதிமொழிய பூர்ணிமாவே சொல்லட்டும்."

கருகிய செருப்போடு மெர்சி தனியாக நின்றாள். பூவம்மாள் மகளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

வீடு திரும்பும் வழியில், பஜாரில் ஜியாவுல்லா பாயின் செருப்புக் கடை முன்னால் நின்றாள்.

"அசல் தோல்ல ஒரு ஜோடி குடுங்க பாய்."

"நீ தோலே தொடமாட்டியேம்மா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேணும்," என்றாள் மெர்சி.