பூ வைப்பதற்கு முன்

தியாகராய நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்தப் பாத்திரக் கடை. காலை பத்தரை மணிக்கே கூட்டம் நெரித்தது. கடையின் உள்மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் பாத்திரங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்தான் அஸ்வத். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பெயர். தட்டு, டம்ளர், சாம்பார் வாளி, எல்லாவற்றிலும் அதே பெயர்.

"இன்னா தம்பி, முடிஞ்சிதா? அந்தம்மா அரை மணியா நின்னுகினு கீது," என்றார் சின்னப்பையன். இருபது வருடமாக அங்கே வேலை பார்ப்பவர்.

"ரெண்டு டம்ளர் பாக்கிண்ணே."

"டம்ளருக்கு இன்னாத்துக்குப் பேரு? காணாப் பூட்டா பேர் சொல்லிக் கூப்ட்டா வந்துருமா?"

சின்னப்பையனே சிரித்துக்கொண்டார். அஸ்வத் சிரிக்கவில்லை. மனைவி இறந்த ஆறு மாதமாக அவன் எதற்கும் சிரித்ததில்லை. அழுததும் இல்லை.

கடை முதலாளியும் அஸ்வத்தின் அப்பாவுமான பொன்ராஜ் ஒரு புதுக் குடத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"இதுலயும் ஒரு பேரு போடுல. சரண்யான்னு. வெள்ளிக்கிழமை மந்தைவெளிக்குப் போயி பூ வச்சிட்டு வந்துருவோம்."

பேர் வெட்டும் மெஷின் நின்றது.

சரண்யா, அவனுடைய இறந்துபோன மனைவி ஜெயஸ்ரீயின் தங்கை. இரண்டு பேருமே அஸ்வத்தின் தாய்மாமன் அசோகனின் பெண்கள். தாய் இல்லாமல் வளர்ந்தவர்கள். மூத்தவள் போய்விட்டால் இளையவளைக் கொடுத்து உறவைக் காப்பது அந்தக் குடும்பத்தில் புதிதல்ல. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

"சரண்யாகிட்ட சொல்லியாச்சாப்பா?"

"என்னத்த?"

"எனக்கு இருக்கிறத."

பொன்ராஜ் சுற்றிலும் பார்த்தார். குரல் இறங்கியது. "ஏலே, கடையில வச்சு என்ன பேச்சு பேசுத? அதெல்லாம் ஒரு வியாதியா? ஊருல பாதிப் பேருக்கு இருக்கு. நீ நல்லாத்தான இருக்க? அண்டா அண்டாவாத் தூக்குத."

"ஜெயாவும் நல்லாத்தான் இருந்தா."

"அது அவ விதி. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத. குடத்த வெட்டு."

அவன் வெட்டவில்லை. குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு மீதி இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டான்.

இரண்டேகால் வருடங்களுக்கு முன் துபாயில் ஒரு வேலை கிடைத்து, அதற்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் கிருமி. ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவுவது. எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறக்கும்போதே வந்திருக்கலாம், ஏதோ ஓர் ஊசியில் வந்திருக்கலாம். வேலை போயிற்று. பரிசோதனை செய்த டாக்டர் மட்டும் சொல்லி அனுப்பினார்: "கல்யாணம் தாராளமா பண்ணிக்கலாம். பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. தடுப்பூசி இருக்கு. மூணே ஊசி."

பொன்ராஜ் அந்தத் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அம்மா ஜானகிக்கும் தெரியும். பெண் ஜெயஸ்ரீ, அவளுடைய சொந்த அண்ணன் மகள். அவளும் வாய் திறக்கவில்லை. அதிலிருந்து ஏழாவது மாதம் கல்யாணம் நடந்தது.

அஸ்வத் சொல்ல நினைத்தான். முதல் வாரமே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். பிறகு தீபாவளி கழியட்டும் என்று நினைத்தான். நாளாக ஆக, சொல்ல நினைப்பதே சொன்னதற்குச் சமம் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

கல்யாணமான பதினான்காம் மாதம் ஜெயஸ்ரீக்குக் கண் மஞ்சளானது. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து கீழாநெல்லி வாங்கி வந்து அரைத்துக் கொடுத்தார்கள். மோர், இளநீர், உப்பில்லாப் பத்தியம். ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, இதை எதற்கு வைத்தேன் என்று அவனிடமே கேட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"வீட்ல யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருக்கா?" என்று அவசரப் பிரிவு டாக்டர் கேட்டார்.

பக்கத்தில் அப்பா நின்றார். எதிரே மாமா அசோகன் நின்றார்.

"இல்ல," என்றான் அஸ்வத்.

நான்காம் நாள் அவள் இறந்தாள். அவள் ரத்தத்திலும் அதே கிருமி என்று வந்த ரிப்போர்ட்டை அஸ்வத் மாமாவிடம் காட்டவில்லை. காமாலை முற்றிவிட்டது என்று அசோகன் ஊருக்குச் சொன்னார். அவர் அப்படித்தான் நம்பினார்.

புதன்கிழமை அஸ்வத் அபிராமபுரத்தில் டாக்டர் ஃபிசாவைப் பார்க்கப் போனான். ஜெயஸ்ரீ இறந்த பிறகுதான் அவன் தனக்கென்று வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தான். மறுபடியும் கல்யாணம் பேசுகிறார்கள் என்றான்.

"பண்ணிக்கலாம். அந்தப் பொண்ணுக்கு முதல்ல ரத்தம் பார்க்கணும். மூணு தவணை ஊசி போடணும். ஊசி வேலை செஞ்சிருக்கான்னு மறுபடி பார்க்கணும். அதுவரைக்கும் ஆணுறை. இதுல எது நடக்கணும்னாலும் அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்."

"நீங்க கூப்பிட்டுச் சொல்ல முடியுமா டாக்டர்?"

"உங்க ரகசியத்தை நான் வெளிய சொல்லக் கூடாது. எனக்கு வாய்ப்பூட்டு இருக்கு, உங்களுக்கு இல்ல." அவர் எழுதுவதை நிறுத்தினார். "உயிருக்கு ஆபத்தான தொற்றைக் கவனமில்லாமப் பரப்பினாலே சட்டத்துல தண்டனை இருக்கு. கெட்ட எண்ணத்தோட பரப்பினா இன்னும் அதிகம். நீங்க ஏற்கெனவே ஒரு தடவை..."

மீதி அவனுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவின் சாவியால் பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை மந்தைவெளியில் அசோகனின் வீட்டில் தாம்பாளத்தை இறக்கி வைத்தார்கள். மல்லிகைச் சரம், பட்டுச் சேலை, பழம், வெற்றிலை. வெளி ஆட்கள் யாரையும் கூப்பிடவில்லை.

சரண்யா வந்து உட்கார்ந்தாள். ஆர்.ஏ.புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அன்றைக்கு அரை நாள்தான் விடுப்பு எடுத்திருந்தாள்.

"அக்கா பீரோ, அக்கா கட்டில், அக்கா புருஷன். எனக்குன்னு புதுசா ஒரு சீப்பாவது வாங்குங்கப்பா."

"வாயப் பாரு," என்று அசோகன் சங்கடமாகச் சிரித்தார். "அவ அப்படித்தான் மாப்ள, மனசுல ஒண்ணும் கிடையாது."

"பேசுற புள்ளதான் வீட்டுக்கு வேணும் மச்சான்," என்றார் பொன்ராஜ். "ஜானகி, நல்ல நேரம் போகுது. பூவ வையி."

ஜானகி சரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, வைக்காத."

எல்லோரும் திரும்பினார்கள். அஸ்வத் நின்றுகொண்டிருந்தான்.

"உக்காருல," என்றார் பொன்ராஜ்.

"உக்கார மாட்டேன். மாமா, எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. கல்யாணத்துக்கு ஏழு மாசம் முன்னாடியே தெரியும். ஜெயா செத்தது என்கிட்டேர்ந்து வந்த கிருமியில. டாக்டர் கேட்டப்பவும் இல்லன்னு பொய் சொன்னேன். உங்களுக்கு முன்னாடி நின்னுதான் சொன்னேன்."

தாளைப் பிரித்து நீட்டினான். அசோகன் அதை வாங்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"ஜானகி, உனக்குத் தெரியுமா?"

அவள் கையில் இருந்த சரம் தரையில் சரிந்தது. "தெரியும்ணே."

"என் புள்ளைய நீதான தூக்கி வளத்த..." அசோகன் அவளை விட்டுத் திரும்பினார். அஸ்வத்திடம் கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?"

"மூணு ஊசி போட்டிருந்தா இந்நேரம் இருந்திருப்பா மாமா."

பொன்ராஜ் எழுந்து கதவைச் சாத்தினார். "மச்சான், ஆனது ஆச்சு. குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்குவோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டா நம்ம ரெண்டு குடும்பமும் தல காட்ட முடியாது. சரண்யாவுக்கு எத்தன ஊசி வேணும்னாலும் போட்டுருவோம்."

சரண்யா எழுந்தாள். போய்க் கதவைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்து அஸ்வத்தின் கையிலிருந்த தாளை வாங்கி, மேலே இருந்த தேதியை ஒருமுறை சத்தமாகப் படித்தாள்.

"இத இவ்வளவு தைரியமா நீட்டுறீங்களே அத்தான். அன்னைக்கு ஆஸ்பத்திரியில இந்த வாய் எங்க போயிருந்துச்சு?"

அவள் தாளை மடித்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"வியாதி இருக்குன்னு உங்கள வெறுக்க மாட்டேன். யாருக்கு வேணும்னாலும் வரும், மருந்தும் இருக்கு. ஆனா எங்கக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லாம பதினாலு மாசம் பக்கத்துல படுத்திருந்தீங்க பாருங்க, அத என்னால மன்னிக்க முடியாது. இப்ப சொன்னதுக்கு நன்றியெல்லாம் எதிர்பாக்காதீங்க."

"எதிர்பாக்கல. ஸ்டேஷனுக்குப் போலாம். நானும் வர்றேன். நடந்தத நானே எழுதிக் குடுக்கேன்."

"ஏலே! உள்ள தூக்கி வச்சிருவான்!" பொன்ராஜ் கத்தினார்.

"வைக்கட்டும்ப்பா. இந்தத் தாளப் பீரோவுல வச்சுப் பூட்டினது யாருன்னு கேட்டா உங்க பேரும் வரும். அதுக்கும் சேத்து வக்கீலப் பாருங்க."

பொன்ராஜ் மகனை விட்டுவிட்டுச் சரண்யாவின் பக்கம் திரும்பினார். "பொட்டப்புள்ள போலீஸ் ஸ்டேஷன் வாசல மிதிச்சா நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்? யோசிச்சுப் பாரு. பேசாம உக்காரு."

"எங்கக்கா பேசாமத்தான் உக்காந்திருந்தா மாமா. நீங்க அரைச்சுக் குடுத்ததக் குடிச்சுகிட்டு."

அவள் செருப்பை மாட்டினாள். அசோகன் சுவரைப் பிடித்து எழுந்து மகளுக்குப் பின்னால் வந்து நின்றார். படியில் கால் வைத்தவள் திரும்பினாள். மாடிப்படியில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. அவள் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"என்னக் கட்ட வர்றவன் மொதல்ல ரத்த ரிப்போர்ட்டக் காட்டட்டும். என்னோடத நானும் காட்டுவேன். அதுல வியாதி இருந்தாலும் பேசி முடிவெடுப்போம், அது எங்க ரெண்டு பேரு இஷ்டம். ஆனா கூட வாழப் போறவகிட்ட தன் உடம்புல இருக்கிறத தெரிஞ்சே மறைக்கிறவன் அவளக் கொல்லத் துணிஞ்சவன். மறைக்கச் சொல்லிக் குடுக்கிறவங்க அதுக்குக் கூட்டு. கேட்டுக்கோங்க, எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க."