கணபதியின் அறைக்குப் போன புகை

அன்று மாலை ஆறு மணிக்கு எனக்கு ஆங்கிலத் தேர்வு இருந்தது. மாலை வகுப்பில் போன ஆண்டும் அதே தேர்வை எழுதித் தவறியிருந்தேன். இந்த முறை தேறினால் பொதுப்பணி அலுவலகத்தில் படம் வரையும் பயிற்சிக்கு மனுப்போடலாம். தேறாவிட்டால் இன்னும் ஓராண்டு ஊரார் கூரைகளுக்குள் தவழ வேண்டியதுதான். சீக்கிரம் கிளம்பிப் போக எங்கள் பட்டறையின் மூத்த ஆள் மருதமுத்து அண்ணனிடம் வாரத் தொடக்கத்திலேயே அனுமதி கேட்டிருந்தேன். அவர் மறந்துவிடுவாரோ என்று நடுவில் ஒருமுறை நினைவூட்டினேன். வெள்ளிக்கிழமை காலை சைக்கிளை நிறுத்தியதும் மறுபடி ஆரம்பித்தேன்.

"டேய் சுப்பையா, நீ என்ன பொண்ணா கேக்குற, தெனமும் வந்து வாசல்ல நிக்கிற? போன்னு சொல்லியாச்சுலா" என்றார்.

நாங்கள் வேலை செய்த வீடு மலாக்காவில் காஜா பேராங் சாலையில், செட்டிக் கம்போங் என்ற குடியிருப்புக்குச் சற்று முன்னால் இருந்தது. ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி கட்டிய பெரிய வீடு. அவரிடமிருந்து வாங்கிய வெள்ளைக்காரத் துரை வெயில் தாங்காமல் சமையலறைக்குப் பின்னால் குளிர்காற்று இயந்திரம் ஒன்றை வைத்தார். அங்கிருந்து கூரைக்குள் தகட்டுக் குழாய்களை ஓடவிட்டு, ஒவ்வோர் அறைக்கும் காற்று இறங்க வழி செய்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அவர் கப்பலேறியபோது, அவருடைய கம்பெனியில் கணக்கும் கடிதமும் எழுதும் தலைமைக் கிராணியாக இருந்த கணபதி வீட்டை வாங்கிக்கொண்டார். கணபதி மலாக்காச் செட்டி. சாமி கும்பிடுவதில் நம்மவர், வீட்டுப் பேச்சில் மலாய்க்காரர். வீட்டை வாங்கிய மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். மகன்கள் சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் இருந்தார்கள். அவருடைய மனைவி கண்ணம்மா மட்டும் அத்தனை அறைகளுக்கு நடுவில் தனியாக இருந்தார்.

அடுத்த மாதம் கணபதிக்கு முதலாண்டுச் சடங்கு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து தங்குவார்கள் என்பதால் மூத்த மகன் புது இயந்திரம் வாங்கி அனுப்பியிருந்தார். இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் குளிர் அறைகளுக்கு வரவில்லை. குழாய்களின் இணைப்புகளில் துரை காலத்தில் ஒட்டிய கித்தான் துணி காய்ந்து உரிந்துபோயிருந்தது. தகடுகளைக் கோத்த ஆணிகள் துருவேறி விழுந்திருந்தன. பாதிக் காற்று கூரைக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. வௌவால்கள்தான் துரைமாதிரி குளுகுளுவென்று தூங்குகின்றன என்று மருதமுத்து அண்ணன் சொன்னார். அவற்றை அடைப்பதுதான் எங்கள் வேலை.

சொல்லும்போது சிறிய வேலைபோலத்தான் இருக்கிறது. ஓட்டுக் கூரைக்கும் பலகைத் தளத்துக்கும் இடையில் நிமிர்ந்து உட்கார முடியாது. வயிற்றால் ஊர்ந்து இணைப்புக்கு இணைப்பு போக வேண்டும். பழைய துணியைச் சுரண்டி எடுத்து, தகட்டைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, புது ஆணி அடித்து, பசைபோன்ற கெட்டிச் சாயத்தில் தோய்த்த கித்தான் பட்டையைச் சுற்றி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும் கையில் சாயம் முழங்கைவரை வழியும். வௌவால் எச்சத்தின் தூள் தொண்டையில் இறங்கும். அந்த வாரம் முழுவதும் மாலை வகுப்பில் என் மேசையைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. வாத்தியார் இறந்தகால வினைகளைச் சொல்லச் சொல்ல நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். எனக்குப் புத்தி போதவில்லையா, தூக்கம் போதவில்லையா என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது.

எல்லா இணைப்புகளையும் கட்டிய பிறகு புகைவிட்டுப் பார்ப்பது எங்கள் பட்டறையின் வழக்கம். காற்று இழுக்கும் வாயில் கரிச்சட்டியை வைத்து, ஈரத் தேங்காய்நாரைப் போட்டு, விசிறியை ஓடவிடுவோம். அறைகளில் காற்று இறங்கும் வாய்களைக் காகிதம் ஒட்டி மூடிவிடுவோம். போக வழியில்லாத புகை எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியே வரும். கூரைக்குள் ஒருவன் விளக்கோடு படுத்துக்கொண்டு, புகை வரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடுவான். முந்தின நாள் வீட்டின் பின்பக்கத்துக் குழாய்களை மட்டும் தனியே பிரித்து அப்படித்தான் பார்த்தோம். நார்ப்புகை நாற்றம் கண்ணம்மாவின் திரைச்சீலைகளில் ஏறிவிட்டது. அவர் எங்களைத் திட்டவில்லை. எல்லாச் சீலைகளையும் தாமே கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அதைப் பார்த்த மருதமுத்து அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே. நாருக்குப் பதிலா சாம்பிராணி போடுவோம். அதுவும் புகைதான். அம்மாவுக்கு வீடும் மணக்கும்" என்றார். அவரே கடைக்குப் போய் ஒரு பெரிய பொட்டலம் வாங்கிவந்தார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்திலும் சரி, இப்போது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டிலும் சரி, வெள்ளிக்கிழமை என்றால் என் அம்மா மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணி காட்டுவார். கொசுவுக்கும் அதுதான், சாமிக்கும் அதுதான்.

வீட்டின் முன்பக்கத்து அறை ஒன்று பூட்டியிருந்தது. அது கணபதியின் அறை. அதை மட்டும் திறக்க வேண்டாம் என்று கண்ணம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் அங்கே காகிதம் ஒட்டவில்லை. அந்த அறைக்குப் பிரியும் குழாயில் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு குறுக்கே விழுந்து வழியை மூடும். நான் கூரைக்குள் ஏறி அதைத் திருப்பினேன். இறங்கிய பிறகு சந்தேகம் வந்தது. மறுபடி ஏறித் தொட்டுப் பார்த்தேன். மூடும் பக்கம்தான் திரும்பியிருந்தது.

கரிச்சட்டியை வைத்தது நான். சாம்பிராணியை அள்ளிப் போட்டு ஊதிப் புகையவிட்டதும் நான்தான். அண்ணன் கூரைக்குள் இருந்தார். சிறிது நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து கண்ணம்மா நடந்துவரும் சத்தம் கேட்டது. சமையலறை வாசலில் நின்று என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கொத்துச்சாவியைக் கையில் இறுகப் பிடித்திருந்தார்.

"யார் கொளுத்தியது?" என்று மலாயில் கேட்டார்.

நான்தான் என்றேன். மணக்கட்டும் என்றுதான் போட்டோம் என்றும் சொன்னேன். அவர் திரும்பி நடந்தார். நான் பின்னால் போனேன். பூட்டியிருந்த அறைக் கதவின் இடுக்குகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்தார். அறை முழுவதும் வெள்ளையாக இருந்தது. கட்டிலும் சாய்வு நாற்காலியும் கோட்டு மாட்டியும் மங்கலாகத் தெரிந்தன.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அவர்கள் குடும்பத்தில் வீட்டுக்குள் சாம்பிராணி புகைவது இறந்தவர்களை அழைப்பதற்கு மட்டும்தான் என்றார். சாமிக்குக் கோயிலில் காட்டுவார்கள், வீட்டில் காட்டமாட்டார்கள். இறந்து ஓராண்டு ஆகாதவரை அழைக்கவே கூடாது. முதல் அழைப்பு பிள்ளைகள் எல்லாரும் கூடியிருக்க, அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைத்த பிறகுதான்.

"இப்போது அவர் வந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அடுப்பில் சோறுகூட இல்லை" என்றார்.

மருதமுத்து அண்ணன் தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மறுபடி மேலே ஏறி, அந்தக் கைப்பிடி இருக்கும் இடத்தில் குழாயைத் திறந்து பார்த்தார். உள்ளே தகடு அச்சிலிருந்து கழன்று எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டிருந்தது. கைப்பிடி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க நான் இரண்டாம் முறை ஏறினேனே தவிர, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"அம்மா, தப்பு எங்களோடது. சட்டிய எடுத்துடுறோம்" என்று அண்ணன் தமக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னார்.

கண்ணம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். புகை இருக்கும்வரை வந்தவர் இருப்பார். சோறு போடாமல் அணைத்தால் கூப்பிட்டு விரட்டியதாகிவிடும். இலை போட்டு, பரிமாறி, ஏன் அழைத்தோம் என்று சொல்லி, வழியனுப்பிய பிறகுதான் அணைக்கலாம். இலை போட வேண்டியது அழைத்த கை. அவர் என் கையைப் பார்த்தார். சாயமும் கரியுமாக இருந்தது.

"தம்பி போய்க் குளி. சமைத்து முடிக்க இருட்டிவிடும்" என்றார்.

நான் சரி என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு அதுதான் உறுத்துகிறது. தேர்வு இருக்கிறது என்று என் வாயில் வரவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இரக்கத்தால் சொல்லாமல் இருந்தேனா, தேர்வுக்குப் போகாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்ததே என்று இருந்தேனா? சரி என்றவுடன், இன்று இரவாவது நன்றாகத் தூங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதனால் இரண்டாவதுதான் உண்மை என்று சந்தேகப்படுகிறேன்.

அண்ணன்தான் போட்டுக் கொடுத்தார். "என்னடா சரிங்கிற? ஆறு மணிக்குப் பரீட்சைன்னு என் காத அறுத்தது யாரு?" என்று என்னைக் கேட்டுவிட்டு, கண்ணம்மாவிடம் திரும்பி மலாயில் விளக்கினார். பையன் ஒருமுறை எழுதித் தவறிவிட்டான், இன்று விட்டால் இன்னும் ஓராண்டு போகும் என்றார்.

கண்ணம்மா கேட்டுக்கொண்டே நின்றார். என்ன பரீட்சை என்று கேட்டார். ஆங்கிலம் என்றேன். அவர் சாய்வு நாற்காலி இருந்த பக்கம் பார்த்தார்.

"அவரும் இரண்டு தடவை எழுதினார். நீ போய் எழுதிவிட்டு வா. துரை வீட்டு வராந்தாவில் முப்பது வருஷம் காத்திருந்தவர், உனக்காகக் கொஞ்சம் காத்திருக்கமாட்டாரா? ஆனால் புகை அணையக்கூடாது."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரிச்சட்டியின் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் பாத்துக்குறேன். சும்மா உக்காந்திருக்கவா போறேன்? புகை வர்ற எடமெல்லாம் ஏறி அடைப்பேன். நீ ஓடு" என்றார்.

கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு சைக்கிளை மிதித்தேன். தேர்வு அறையில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் இரண்டு முறை திரும்பி என்னை மோந்து பார்த்தார். கேள்விகள் கடினமில்லை. ரயில் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். வினைகளைத் திருத்தும் பகுதியை முடித்தேன். கடைசியில் முதலாளிக்கு எழுதும் கடிதம் ஒன்று இருந்தது. அதற்குப் போதுமான நேரமும் இருந்தது. முதல் வரியை எழுதி அடித்தேன். மறுபடி எழுதி அடித்தேன். இலை முன்னால் ஒருவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அந்தக் கடிதம் எனக்குத் தெரியாமல் விட்டதா, அவருக்காக விட்டதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சமையல் முடிந்திருந்தது. தேங்காய்ப்பால் சோறு, புளி போட்ட மீன், முட்டைச் சம்பால். அண்ணன் அதே பலகையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் போன பிறகு கூரைக்குள் நான்கைந்து இடங்களில் புகை வந்ததாம், எல்லாவற்றையும் அடைத்துவிட்டாராம். "இப்போ புகை வேற எங்கயும் போகல. நேரா அவர் ரூமுக்குத்தான் போகுது" என்றார். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சொன்னார்.

கண்ணம்மா வாழையிலையை என் கையில் கொடுத்தார். அறையில் விரித்து, அவர் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாக வைத்தேன். மீனின் நடுத்துண்டை வை என்றார். பிறகு, நீ யார், ஏன் அழைத்தாய் என்று அவரிடம் சொல், மலாயில் சொல், அவருக்குத் தமிழ் வராது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். மலாயில் வார்த்தை தேடினேன். சற்றுமுன் ஆங்கிலத்தில் வராத கடிதம்போலவே இதுவும் முதல் வரியில் நின்றது. கால் வலித்தது. கண்ணை மூடினால் அங்கேயே தூங்கிவிடுவேன் போல இருந்தது.

"பாக்சிக், மாமா, என் பெயர் சுப்பையன். குழாய் அடைக்க வந்தவன். கைப்பிடியை நம்பிவிட்டேன், உள்ளே பார்க்கவில்லை. உங்களைக் கூப்பிட நினைக்கவில்லை. வந்துவிட்டீர்கள், சாப்பிடுங்கள். அடுத்த மாதம் உங்கள் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். அப்போதும் வாருங்கள்" என்றேன். சந்தை மலாயில் இவ்வளவுதான் வந்தது. தலைமைக் கிராணிக்கு அது எத்தனை பிழையாகக் கேட்டிருக்குமோ.

வெளியே வந்ததும் அண்ணன் கரிச்சட்டியை அணைத்து முற்றத்தில் கொட்டினார். கண்ணம்மா எங்கள் இருவருக்கும் சமையலறையிலேயே தட்டு வைத்தார். பரீட்சை எப்படி என்று கேட்டார். ஒரு கேள்வியை விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"சாப்பிடு. நாளைக்கு அந்தத் தகட்டை மாற்றிவிடு" என்றார்.