காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு

எனக்குக் கோவம் சட்டுனு வரும். அதை முதல்லயே சொல்லிப்போடுதேன், பெறகு யாரும் குறை சொல்லப்படாது. ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியில வந்தது வெறும் கோவம் இல்ல. நம்பி நம்பி நாசமாப் போனவளுக்குத்தான் அது தெரியும்.

அறுபத்திரெண்டாம் வருசம் சித்திரையில எங்க வீட்டுக்காரரு அய்யாக்குட்டிக்கு நெஞ்சுவலி வந்துது. ஐந்தருவியில குளிக்க வாரவங்களுக்கு நல்லெண்ணெய், சீயக்காய் விக்குத கடை அவுகளுக்கு. பொழைச்சதே பெரும்பாடு. தென்காசியில ஞானபாக்கியம் டாக்டரம்மாதான் காப்பாத்துனாக. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பொட்டலம் வெள்ளை மாத்திரையைக் கையில குடுத்தாக. பாத்தா ஆஸ்பிரின்! பெட்டிக்கடையில தலைவலிக்கு விக்கான்லா, அதேதான்.

"நெஞ்சுவலிக்காரருக்குத் தலைவலி மாத்திரையா? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?"ன்னு கேட்டே கேட்டுட்டேன்.

டாக்டரம்மா சிரிச்சாக. "நெஞ்சுல ரத்தக்குழாய் கட்டிக்கிட்டதாலதான் இவருக்கு வலி வந்துது, கோமதியம்மா. இந்த மாத்திரை ரத்தத்தைக் கட்ட விடாதுன்னு வெளிநாட்டு டாக்டர் ஒருத்தர் எழுதியிருக்கார். இங்க யாரும் இதுக்குக் குடுக்கிறதில்ல. நான் குடுத்துப் பாக்கிறேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பெறகு. அதுக்கு மேல போச்சுன்னா வயித்துல ரத்தம் கசியும், ஜாக்கிரதை."

அன்னையிலயிருந்து அந்தப் பொட்டலம் என் அஞ்சறைப்பெட்டியிலதான். உள்ளங்கையில மாத்திரையை வச்சு, தண்ணி குடுத்து, தொண்டைக்குள்ள இறங்குன பெறகுதான் நகருவேன். "ஏட்டி, நான் என்ன பச்சப்புள்ளையா?"ம்பாக. "பேசாம முழுங்குங்க"ம்பேன். ஒரு நாள் தப்புனதில்ல. என் தாலியே அந்தப் பொட்டலத்துக்குள்ளதான் இருக்குன்னு நெனச்சேன்.

ஆனியில சாரல் விழுந்துது, கடையைத் திறந்தாக. விடிஞ்சதும் பஸ் ஏறுனா இருட்டுன பெறகுதான் வருவாக. சோத்தை அளைஞ்சுட்டு எந்திரிப்பாக. கேட்டா, "வயிறு மந்தமா இருக்குட்டி." சீக்காளி மனுசன், சீசன் அலைச்சல்னு நானும் பாவப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஆடி பிறந்து பத்தாம் நாள், கடையிலயே ரத்த வாந்தி எடுத்துட்டாகன்னு ஆள் வந்து சொல்லிச்சு. தலையைக்கூட முடியாம ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். கட்டில்ல வெளுத்துப்போயிக் கெடக்காக.

டாக்டரம்மா முதல்ல என்னைத்தான் கேட்டாக. "மாத்திரை எத்தனை குடுத்தே?"

"ரெண்டு. எங்க புள்ளைக மேல சத்தியமா ரெண்டேதான்."

அவுகளைக் கேட்டாக. கண்ணைத் திறக்காமலே, "ரெண்டுதான்"ன்னாக.

"ரெண்டுக்கு இவ்வளவு ரத்தம் போகாதே. மாத்திரையாலன்னா அதை நிறுத்திப் பாக்கலாம். இது வேற புண்ணு போலிருக்கு. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி வயித்தைத் திறந்துதான் பாக்கணும். இந்த நெஞ்சு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

வேண்டாம்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவுக என்னடான்னா, "சரிம்மா, திறங்க"ங்காக!

அப்பம் வாசல்ல நின்ன ஒரு பொம்பளை உள்ள வந்தா. முப்பது வயசிருக்கும். கடையிலயிருந்து தூக்கிட்டு வந்த கூட்டத்துல ஒருத்தின்னு நெனச்சிருந்தேன். சேலை முழுக்க ரத்தம்.

"அறுக்காதீங்க டாக்டரம்மா. நானும் ரெண்டு குடுக்கேன். பத்து மணிக்கு இட்லி தின்னதும் ஒண்ணு, சாயந்தரம் சோறு போட்டு ஒண்ணு. நீங்க சொன்னதா அவுகதான் சொன்னாக. பெட்டிக்கடையில நானே வாங்கிருவேன்."

"நீ யாருட்டி?"ன்னேன்.

"இராமலட்சுமி. குத்தாலத்துல இருக்கேன்"ன்னவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "அஞ்சு வருசமாச்சு."

நான் அவுகளைப் பாத்தேன். அவுக சுவத்தைப் பாத்தாக.

"அப்பம் நாலு! அதான் விசயம்"னு டாக்டரம்மா பாளையங்கோட்டைப் பேச்சை விட்டுட்டாக. மாத்திரையை நிறுத்தி, பாலும் மருந்தும் குடுத்தாக. மூணாம் நாள் ரத்தம் நின்னுது. எட்டு நாளும் நான்தான் பால் ஊட்டுனேன்.

எட்டாம் நாள்தான் கேட்டேன். "வயித்தைக் கிழிக்கச் சம்மதிச்சீக, வாயைத் திறக்கச் சம்மதிக்கலையே. அவ பேரை மறைக்கச் சாகவும் துணிஞ்சீகளா? எனக்காக என்னைக்காவது இம்புட்டுத் துணிஞ்சிருக்கீகளா?"

வெளிய வராந்தாவுல இராமலட்சுமி உக்காந்திருந்தா. அவளையும் விடலை.

"ஏட்டி, வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளே, அவ குடுக்க மாட்டாளான்னு உனக்குத் தோணவே இல்லையா?"

அவ கண்ணுல தண்ணி முட்டிட்டுது. "கேட்டேன்க்கா. வீட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்கக்கூட ஆளில்லன்னுட்டாக. நீங்க ஏறெடுத்தும் பாக்கதில்லன்னு சொன்னாக. பாவமேன்னுதான் நான் குடுத்தேன்."

வயிறு எரிஞ்சுது. இன்னொருத்தி இருக்கான்னு கேட்டப்பக்கூட அப்படி எரியலை. காலையும் ராத்திரியும் என் உள்ளங்கையில இருந்து எடுத்து முழுங்குன வாயி, அங்கன போயி இதைச் சொல்லியிருக்கு.

வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு டாக்டரம்மா புதுப் பொட்டலம் ஒண்ணு கொண்டாந்தாக. "இன்னும் ஒரு மாசம் போகட்டும். அதுக்குப் பெறகு தினம் ஒண்ணே ஒண்ணு. ஒரே ஆள்தான் குடுக்கணும். யாரு கையில குடுக்க?"

"கோமதி..."ன்னு அவுக என் பக்கம் கையை நீட்டுனாக.

நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டேன்.

"அவகிட்டயே குடுங்க, டாக்டரம்மா. எங்க வீட்டுலதான் மாத்திரை எடுத்துக் குடுக்க ஆளில்லையே."