சந்தனமா, பிஸ்கட்டா?

ராயபுரத்தில் சௌக்கத் அலி வீட்டுக் கூடத்துச் சுவருக்குச் சந்தனக் கலரா, பிஸ்கட் கலரா என்று மூன்று நாளாக வழக்கு. இரண்டையும் சுவரில் கையகலம் பூசிப் பார்த்தாயிற்று. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதை அவன் மனைவி ஜஹானாராவிடம் போய்ச் சொல்ல எந்த மகராசனுக்குத் தைரியம் உண்டு?

"பிஸ்கட்டு கலரு ஜோரா கீது. அழுக்கு தெரியாது" என்றான் சௌக்கத்.

"அப்டி வாங்க வழிக்கு! கரிக்கப்பல்ல வேலை செஞ்சிட்டு வந்து, கை கழுவாம செவுத்துல கை வெக்கிறதுக்குத்தானே? பதினோரு வருசமா தொடச்சிகினு கீறேன். சந்தனந்தான்!"

"நானா? எப்போ?" என்றான், பால் குடிக்கிற பிள்ளை மாதிரி.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். சந்தனக் கலர்தான் அடிப்பது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் சுவரில் தன் கரிக்கை விழுந்தால் சௌக்கத் பீடியை விட வேண்டும். விழாவிட்டால் ஜஹானாரா அவனை இனிக் கை கழுவச் சொல்லி வாயே திறக்கக் கூடாது. பீடி இல்லாவிட்டால் சௌக்கத்துக்குப் பொழுதே விடியாது. அன்று முதல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புதுமாப்பிள்ளை கணக்காக நடந்து கொல்லைக் குழாய்க்குப் போனான்.

பெருநாளுக்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்தவன், அடுப்படி வாசலருகே திடுக்கிட்டு நின்றான். புதுச் சுவரில் பளிச்சென்று ஒரு கரிக்கை. சின்னக் கை. அடுப்பை ஊதிவிட்டு எழும்போது ஜஹானாராதான் இடது கையை ஊன்றியிருக்கிறாள்! அடடா, அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினோரு வருஷத்து ஏச்சுக்கும் சேர்த்து ஒரே சத்தம் போட வாயைத் திறந்தான்.

அதற்குள் வாசலில் அவன் தங்கை ஜீனத்தின் குரல் கேட்டது. "வா வா ஜீனத், செவுத்த பாரு! ஒரு பொட்டு அழுக்கு கீதா?" என்று ஜஹானாரா பெருமை பொங்க அவளை அழைத்து வந்துகொண்டிருந்தாள். ஜீனத் கண்ணில் பட்டால் ராயபுரத்துக்கே தெரிந்துவிடும்.

சௌக்கத் வாயை மூடிக்கொண்டான். கரி அப்பிய தன் வலது கையை அந்தச் சின்னக் கையின் மேல் அழுத்தி வைத்தான்.

"பாத்தியா உங்கண்ணன!" என்று ஜஹானாரா துள்ளினாள். பீடிக்கட்டு அவள் முந்தானைக்குப் போயிற்று. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குழாய்க்குப் போனான்.

ஜீனத் கிளம்பிய பிறகு, ஈரத்துணியோடு சுவரருகே போனவள் துடைக்காமல் நின்றாள். தன் இடது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னாங்க." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்க கைக்கு ரெண்டு பக்கமும் கட்டவெரலு எப்போ மொளச்சுது?"

தரையில் உட்கார்ந்திருந்த அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பீடிக்கட்டு அவன் மடியில் வந்து விழுந்தது.